மோதிர விரலின் வேலை

சாணை பிடிப்பவனோடு நான் கடை வாசலில் மல்லுக்கு நின்றபோதே எனக்கு நோய் முற்றியிருந்தது. அது எனக்குத் தெரியாது. கத்தி மொக்கை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சவரக்கத்தியின் கூரைப் பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. இடது கட்டைவிரலின் சதையில் கத்தியை மெல்ல வைத்து எடுத்தால் போதும், கூர் இருக்கிறதா இல்லையா என்று சதை சொல்லிவிடும். என் சதை சில மாதமாக ஒன்றும் சொல்லவில்லை. விரலைச் சந்தேகப்படுகிற முடிதிருத்துபவன் எங்காவது இருக்கிறானா? நான் கத்தியைச் சந்தேகப்பட்டேன். கத்தி தீட்டுகிற தோல் வாரை மாற்றினேன், கல்லை மாற்றினேன், கடைசியில் சாணைக்காரனைத் தெருவில் வைத்துக் கிழி கிழியென்று கிழித்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும், ஒளிப்பானேன்.

"அண்ணே, இதுக்கு மேல தீட்டினா கத்தி இருக்காது, பிடிதான் இருக்கும்" என்றான் அவன்.

"தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா? போடா" என்றேன்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். நுரை பூசி, இடது கையால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் ஒரு இழுப்பு இழுத்தேன். வெள்ளை நுரை சிவந்தது.

"ஐயோ, வெட்டிட்டியேய்யா!" என்று அலறினார் வாத்தியார்.

நுரையைத் துடைத்துப் பார்த்தேன். கன்னத்தில் கீறல் இல்லை. தாடையைத் தூக்கிப் பார்த்தேன், காது மடலைத் திருப்பிப் பார்த்தேன். ரத்தம் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

"எங்க சார் வலிக்குது?"

"எனக்கு வலிக்கலைப்பா. ஆனா ரத்தம் வருதே!"

இரண்டு பேரும் அவர் முகத்தில் காயத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். பக்கத்து நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்த என் மச்சான்தான் வந்து என் கையைப் பிடித்தான். அவன் என் மனைவியின் தம்பி. பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தோளோடு தோள் உரச அந்தக் கடையில் என்னோடு நின்றவன்.

"மாமா, அவர் மூஞ்சியை விடுங்க. உங்க விரலைப் பாருங்க" என்றான்.

என் இடது கட்டைவிரல் பிளந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. வலி என்று ஒரு துளி இல்லை.

தையல் போட்ட டாக்டர் சின்ன வயசுக்காரர். மரத்துப்போக ஊசி போடுவதற்காகக் குத்தினார், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தரம் குத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊசியை வைத்துவிட்டு என் முழங்கையின் பின்னால் விரலை விட்டுத் தடவினார். அங்கே நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. காது மடலைப் பிடித்துப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை, நல்ல பிள்ளை.

தோல் டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. காது மடலில் கீறி எடுத்ததைப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தொழுநோய். அதுல கடுமையான வகை."

"குஷ்டமா?" என்றேன். வாயில் அந்தச் சொல்தான் வந்தது.

"ஆமா. உடம்பு எதிர்த்து நின்னா ஒண்ணு ரெண்டு தேமலோட நின்னுடும். உங்க உடம்பு எதிர்க்கவே இல்ல, கதவைத் திறந்து விட்டுடுச்சு. அதனாலதான் தனியா ஒரு இடத்துல தெரியல, எல்லா இடத்துலயும் இருக்கு."

அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு உறைத்தது. புருவத்தின் ஓரம் உதிர்ந்திருந்தது; "என்ன மாமா, அதையும் டிரிம் பண்ணிட்டீங்களா?" என்று மச்சான் கிண்டல் செய்ததை நானும் சிரித்துக்கொண்டே விட்டிருந்தேன். மூக்கு அடைத்துக் காலையில் ரத்தம் கலந்து வந்தது. பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். குரல் கரகரத்தது. காது மடல் தடித்துத் தொங்கியது. பணக்காரக் காது என்றார்கள். முகமோ சுருக்கம் எல்லாம் மறைந்து வழுவழுவென்று பளபளத்தது. என்ன பூசுகிறீர்கள் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. கடையில் தூசி படிந்து கிடந்த கிரீம் டப்பாக்களைக் காட்டி, இதுதான் என்றேன். அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கடையில் நாள் முழுக்க நின்றவன் நான். கண்ணாடியில் பார்த்ததெல்லாம் அடுத்தவன் தலையைத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"எனக்குத் தெரியாம உங்களுக்கு எப்படிங்க இது வந்துச்சு?" என்றாள், நான் ரகசியமாக இன்னொரு குடித்தனம் நடத்தியது போல.

மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே என்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் வருஷக்கணக்காக என் மூச்சுக் காற்று பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டும். மனைவி மறுநாளே போய் வந்தாள், அவளுக்கு ஒன்றுமில்லை. மச்சான் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"எனக்கென்ன மாமா, கல்லு மாதிரி இருக்கேன். அந்த ஆஸ்பத்திரி வாசல்ல என்னை எவனாவது பார்த்தா நாளைக்குக் கடைக்கு எவன் வருவான்?"

"கடையை விடுடா. உடம்பைப் பாரு."

"கடை ஓடினாத்தான் உங்க வீட்லயும் எங்க வீட்லயும் அடுப்பு எரியும்" என்றான்.

நான் வெளிநாடு போயிருப்பதாகக் கடையில் சொல்லிவிட்டான். என் துண்டு, சீப்பு, மேலங்கி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மாத்திரை சாப்பிட்டால் சுகமாகிவிடும் என்று நினைத்தவனுக்கு முதல் பாடம் சில மாதத்தில் வந்தது. காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புக் கட்டிகள், தொட்டால் உயிர் போகிற வலி. இத்தனை நாளும் வலியே தெரியாதிருந்தவனுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தது.

"கிருமி செத்துக்கிட்டிருக்கு. செத்த கிருமியைப் பார்த்து உங்க உடம்பு இப்பதான் சண்டைக்குப் போகுது" என்றார் டாக்டர் அம்மா.

"இது முன்னாடியே போயிருக்கக் கூடாதா? என்னை மாதிரியே புத்தி" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அந்தச் சண்டையில் அடிபட்டது என் நரம்புகள். வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே வளைந்துகொண்டன. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே வரிசையில் போய் ஒட்டிக்கொண்டது. எதிரே வந்து எதையும் பிடிக்க மாட்டேன் என்றது. சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள். செருப்பில் ஆணி ஏறியிருந்ததைத் தெரியாமல் ஒரு பகல் முழுக்க நடந்து, உள்ளங்காலில் குழி விழுந்து, அது ஆற மாதக்கணக்கானது. கண்ணுக்கும் உணர்ச்சி குறைந்து, இமைக்க வேண்டும் என்று தானாகத் தோன்றாமல் போனது. அடுப்படியிலிருந்து அவள் அவ்வப்போது "ஏங்க, கண்ணு!" என்று குரல் கொடுப்பாள். நான் இமைப்பேன். சாயங்காலம் கையையும் காலையும் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விளக்கடியில் நீட்டினால், கொப்புளம் இருக்கிறதா என்று ஒரு இடம் விடாமல் பார்ப்பாள். அரிசியில் கல் பொறுக்குகிறவள் கண் அது, ஒன்றும் தப்பாது. மாத்திரையால் தோல் கறுத்தது. பழைய பளபளப்பு போன இடம் தெரியவில்லை.

இதெல்லாம் போகட்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: என் நாற்காலிக்குப் பின்னால் கத்தரியோடு நிற்க வேண்டும். வேறு வேலை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது. பேசிக்கொண்டே வேலை செய்தால் யாரும் எழுந்து ஓட முடியாத தொழில் இது ஒன்றுதானே இருக்கிறது.

கையைச் சரிசெய்ய முடியும் என்றார் அறுவை டாக்டர். மோதிர விரலை மடக்குகிற தசைநார் இரண்டு உண்டாம். அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் கட்டிவிடுவாராம். எனக்குக் கதி கலங்கிவிட்டது.

"டாக்டர், கத்தரிக்கு ரெண்டு வளையம். ஒண்ணுல கட்டைவிரல், இன்னொண்ணுல மோதிர விரல். அதுகிட்ட பிடுங்கி இதுக்குக் குடுத்தா நான் எதை வச்சுப் பிடிக்கறது?"

"வெட்டும்போது ரெண்டு விரலும் ஆடுமா?"

யோசித்தேன். "இல்ல. மோதிர விரல் அசையாம இருக்கணும். கட்டைவிரல்தான் ஆடும்."

"அப்ப உங்களுக்கு இது சரியா வரும். விரல் அங்கயேதான் இருக்கும். தொட்டா தெரியறது மட்டும் திரும்ப வராது, அதை இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

செய்தார். கட்டுப் பிரித்த பிறகு பயிற்சி தருகிற அம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் என் கையை மேசை மேல் வைத்து, "கட்டைவிரலை ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். அது சவம் மாதிரிக் கிடந்தது.

"இப்ப கட்டைவிரலை மறந்துடுங்க. மோதிர விரலை மடக்கணும்னு மட்டும் நினைங்க."

நினைத்தேன். கட்டைவிரல் எழுந்து வந்தது! சுண்டு விரலை நோக்கி, வாய்க்கால் தாண்டுகிற கிழவன் மாதிரி, தயங்கித் தயங்கி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா இதை நிறையப் பார்த்தவர் போல, கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார்.

ஆனால் தலைவலியே அங்கேதான் ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு மோதிர விரலை மடக்க நினைப்பது சுலபம். எனக்கு? கத்தரி பிடிக்கப் பழகிய நாளிலிருந்து அந்த விரலுக்கு நான் சொல்லி வைத்திருப்பது ஒரே ஒரு உத்தரவு: ஆடாதே. கத்தரியைக் கையில் எடுத்ததும் புத்தி தானாக அந்த விரலை அடக்கும். விரலை அடக்கினால் கட்டைவிரல் அடங்கிவிடும். பயிற்சி அறையில் என்னோடு இருந்த மூட்டை தூக்குகிறவர், தையல்காரி, எல்லாரும் பென்சில் பிடித்துக் கரண்டி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் கத்தரியை வைத்துக்கொண்டு என் மோதிர விரலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க இவ்வளவு நல்லா தொழில் கத்திருக்கக் கூடாது" என்றார் பயிற்சி அம்மா.

வீட்டில் தேங்காய் நார் மிதியடியைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதன் நாரை வெட்டிப் பழகினேன். வளையங்களில் ரப்பர் சுற்றி, உறுத்தாதபடி அகலமாக்கிக்கொண்டேன். விரலுக்குத் தெரியாததால் கண்ணால் பார்த்தே பிடித்தேன். ஒரு தரம் வெட்டி முடித்ததும் கை எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சவரக்கத்தியை இனித் தொடுவதில்லை என்று டாக்டருக்கு வாக்குக் கொடுத்தேன். மிதியடி மொட்டையானது.

"வீட்ல இருக்கற மிதியடியெல்லாம் மாப்பிள்ளை மாதிரி ஆயிடுச்சு. போதும், கடைக்குப் போங்க" என்றாள் மனைவி.

போனேன். நான் கத்தரியோடு வந்ததைப் பார்த்து மச்சான் என்னை வாசலிலேயே மறித்தான். உள்ளே மூன்று பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான காய்கறிக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "வாங்க வாங்க! அங்க வெயில் ஜாஸ்தியோ, இப்படிக் கறுத்துட்டீங்களே!" என்றார்.

"மாமா, நீங்க கல்லாவுல உட்காருங்க. கத்தரி மட்டும் வேணாம்" என்று மச்சான் காதோடு சொன்னான்.

"ஏன் வேணாம்? மருந்து முடிஞ்சாச்சு, கை வந்தாச்சு."

"கையைப் பார்த்தா கேள்வி கேப்பாங்க. விஷயம் தெரிஞ்சா ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டான். கெஞ்சிக் கேக்கறேன்."

"அப்ப நான் சாகற வரைக்கும் வெளிநாட்லயே இருக்கணுமாடா?"

கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி என்ன மறைப்பது என்று என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"வெளிநாடும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்குத் தொழுநோய் வந்துச்சு. மருந்து சாப்பிட்டு முடிச்சுட்டேன். என்கிட்ட இருந்து இனி யாருக்கும் ஒட்டாது. இந்த நாற்காலியில யார் உட்கார்றீங்க?"

ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அந்த போன் அடிக்கவே இல்லை. இன்னொருவர் செருப்பைத் தேடினார். காய்கறிக் கடைக்காரர் எழவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் மூட்டையைப் பாதி பிரித்தவர் போல நின்றார். என் தைரியமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வடிந்துவிட்டது. வீட்டுக்கே போய்விடலாம் என்று கத்தரியைப் பையில் போடப் போனேன்.

மச்சான் என்னை முறைத்தான். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது உங்களால" என்று பல்லைக் கடித்தான். பிறகு விறுவிறுவென்று வந்து என் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"வெட்டுங்க மாமா."

போர்வைத் துணியைக் கழுத்தில் கட்டவே இரண்டு தரம் தடுமாறினேன். அவன் பின்முடி தோள் வரை வளர்ந்து கிடந்தது. நான் இல்லாத நாளில் வேறு எவனிடமும் அவன் தலையைக் கொடுக்கவில்லை. இடது காதோரம் முதலில் சீப்பை வைத்தேன். மோதிர விரல், மோதிர விரல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கட்டைவிரல் வந்தது. கத்தரி பேசியது. முதல் கற்றை விழுந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! செருப்பைத் தேடியவர் தேடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார். காய்கறிக் கடைக்காரர் மெல்ல உட்கார்ந்தார்.

"கை நல்லாத்தான் ஓடுது" என்று முணுமுணுத்தார் அவர்.

இடப்பக்கம் முடித்து, பின்பக்க முடியைத் தூக்கினேன். கழுத்துக்குச் சற்று மேலே, முடி ஆரம்பிக்கும் இடத்தில், காசு அளவுக்கு ஒரு தேமல் இருந்தது. வெளிறி, வறண்டு, ஓரம் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் முடி குறைவு.

கத்தரியை நிறுத்தினேன். மச்சானுக்குக் கழுத்தில் யார் விரல் பட்டாலும் கூச்சம், துள்ளிவிடுவான். பிரஷ்ஷின் நுனி மயிரால் தேமலுக்கு வெளியே தொட்டேன், தோளைக் குறுக்கினான். தேமலின் நடுவில் தொட்டேன். அவன் கண்ணாடியில் தன் முன்முடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் தொட்டேன். அவனுக்குத் தெரியவே இல்லை.

இத்தனை நாளாக இவன் மேல் பட்ட ஆத்திரமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. சொன்னால் இவன் எழுந்து போய்விடுவான். இவன் போனால் மற்றவர்களும் போவார்கள், நாற்காலி போகும், கடையும் போகும். சொல்லாமல் முடித்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொல்லலாம். ஆனால் சாயங்காலம் இவன் பிடி கொடுப்பானா? முதல் தரம் கொடுக்கவில்லையே. இப்போது மட்டும்தான் இவன் தலை என் கையில் இருக்கிறது.

அவன் காதருகே குனிந்தேன்.

"மச்சான், சத்தம் போடாத. பின்கழுத்துல ஒரு தேமல் இருக்கு. தொடறேன், உனக்குத் தெரியல."

கண்ணாடியில் அவன் கண் என் கண்ணைப் பிடித்தது. அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்ககிட்ட இருந்தா?" என்றான், உதடு மட்டும் அசைய.

"ஆமாடா. வேற யாருகிட்ட இருந்து வரும்? என்கிட்ட இருந்துதான்." "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, ஆரம்பம். ஆறு மாசம் மாத்திரை. என் மாதிரி ஆகாது, உன் கை போகாது. நாளைக்கே போயிடலாம். என்னைத் திட்டணும்னா திட்டு. எழுந்து போகணும்னா போ."

துணிக்கடியில் அவன் வலது கை அசைந்தது. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. சுண்டு விரல் வரை போய்த் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"என்னப்பா, என்ன ஆச்சு?" என்றார் காய்கறிக் கடைக்காரர்.

மச்சான் துணிக்குள்ளிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லண்ணே, கண்ணுல முடி விழுந்துடுச்சு" என்றான். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான். "எங்கயும் போயிடாதீங்க. எனக்கு முடிஞ்சதும் அடுத்து நீங்கதான். மாமாகிட்டயே உட்காருங்க."

பிறகு தலையைக் குனிந்து பின்கழுத்தை என் பக்கம் காட்டினான்.